குமுளியில் மாலை ஆங்கில வகுப்பு: கடைக்காரர்களுக்கு உதவுமா?

குமுளி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் நடக்கும் வகுப்பு இது. தேக்கடி வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் ஏலக்காய், மிளகு விற்கும் என்னைப் போன்றவர்கள்தான் அதிகம். கம்பத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். டீச்சர் மலையாளி, தமிழும் நன்றாகப் பேசுவார்.

‘பிக் அப்’ போல இரண்டு சொல் சேர்ந்து ஒரே வினையாக வரும் பேச்சு வழக்கு வினைகளை (ஃப்ரேசல் வெர்ப்) அவர் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. கடைப் பேச்சிலிருந்தே எடுக்கிறார். ‘பிக் அப்’ என்றால் தூக்குவது மட்டும் இல்லை. வைத்த பொருளை வந்து வாங்கிப்போவது, ஆளை வண்டியில் ஏற்றிக்கொள்வது, ஒரு பாஷையைக் கேட்டுக் கேட்டே பழகுவது, எல்லாம் அதுதான். ‘பிக் அப் தி பார்சல்’, ‘பிக் தி பார்சல் அப்’ இரண்டும் சரி. ஆனால் ‘இட்’ வந்தால் நடுவில்தான் நிற்கும்: ‘பிக் இட் அப்’. ‘லுக் ஆஃப்டர்’ (பார்த்துக்கொள்வது) அப்படிப் பிரியாது, ‘லுக் ஆஃப்டர் இட்’ என்றுதான் சொல்ல வேண்டும். இதை இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. அப்புறம், ஆபீஸ் கடிதத்தில் பொருளை வாங்கிப்போவதற்கு ‘பிக் அப்’ வேண்டாம், ‘கலெக்ட்’ போடுங்கள் என்பார்.

இப்போது யாராவது "ஐ வில் பிக் இட் அப் டுமாரோ" என்றால், பார்சலைக் கட்டிப் பெயர் எழுதி வைத்துவிடுகிறேன்.

குறையும் உண்டு. பாடத் தாள்கள் மலையாளத்தில் மட்டும் வருகின்றன, தமிழிலும் கட்டாயம் வேண்டும். சீசனில் நாங்கள் கடை அடைப்பதற்குள் வகுப்பே முடிந்துவிடுகிறது. நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் இன்னும் பலர் சேருவார்கள்.