விண்வெளி நிலையத்துக்கு ஐந்து சேனல்: கீபேடில் பதிவதா, சிர்ப்பில் பதிவதா?

சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஹாம் ரிப்பீட்டர் (அமெச்சூர் வானொலிக்காரர்களின் பேச்சை வாங்கி வேறொரு அலைவரிசையில் மறுபடி அனுப்பும் கருவி) வழியாகப் பேசப் பெரிய செட் தேவையில்லை. ஹாம் உரிமம் இருந்து, பாவ்ஃபெங் யூவி-5ஆர் மாதிரி ஒரு கைச்செட்டும் நல்ல ஆன்டெனாவும் இருந்தால் முயன்று பார்க்கலாம். 145.990 மெகாஹெர்ட்ஸில் 67 ஹெர்ட்ஸ் டோனோடு (ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ்ந்த ஒலி) அனுப்ப வேண்டும், 437.800ல் கேட்க வேண்டும்.

ஆனால் நிலையம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. நெருங்கி வரும் ரயிலின் ஹாரன் கூர்மையாகக் கேட்பது போல, அது வரும்போது 437.810 பக்கம் கேட்கும். விலகிப் போகும்போது 437.790 வரை இறங்கிவிடும். தலைக்கு மேல் இருப்பதோ பத்து நிமிடம். அனுப்பும் பக்கம் அலைவரிசை குறைவு என்பதால் நகர்வு மூன்று கிலோஹெர்ட்ஸ் சொச்சம்தான். அதை அப்படியே விட்டுவிடலாம்.

விஎஃப்ஓவிலேயே, அதாவது சேமிக்காமல் அலைவரிசையை நேரடியாக அடிக்கும் முறையிலேயே, சமாளிக்கலாமே என்று தோன்றும். திரையின் மேல் வரியில் 145.990, கீழ் வரியில் 437.800 வைத்துக்கொண்டு, பேசும்போதும் கேட்கும்போதும் வரி மாற்ற வேண்டும். ஒரு கையில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு இது நடக்காது. நான் இந்த வழியை யாருக்கும் சொல்வதில்லை.

மெமரிதான் சரி. 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என ஐந்து சேனல். ஐந்திலும் அனுப்புவது 145.990. நிலையம் நகர நகர ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். யூவி-5ஆரில் 128 இடம் இருக்கிறது, ஐந்தை ஒதுக்குவது பெரிய விஷயமே இல்லை.

எப்படிப் பதிவது என்பதில்தான் போட்டி: செட்டின் கீபேடிலா, கணினியில் சிர்ப் மென்பொருளிலா? கீபேடில் செய்தால், முதலில் ஸ்டெப்பை (அலைவரிசை நகரும் படி அளவு) 5 கிலோஹெர்ட்ஸ் ஆக்குங்கள், அதைவிடப் பெரிதாக இருந்தால் 437.805 சரியாக ஏறாது. பிறகு 28வது மெனுவில் பழைய சேனலை அழித்து, 13வது மெனுவில் டோனைப் போடுங்கள். கேட்கும் அலைவரிசையை அடித்து 27வது மெனுவில் சேமியுங்கள். அப்புறம் அனுப்பும் அலைவரிசையை அடித்து அதே சேனல் எண்ணில் மறுபடி சேமிக்க வேண்டும். இந்த இரண்டாவது சேமிப்பை மறந்தால் சேனல் கேட்கும், பேச்சு மட்டும் போய்ச் சேராது. இதையெல்லாம் ஐந்து முறை செய்தாலும் பெயர் வைக்க முடியாது. திரையில் வெறும் எண்தான் தெரியும்.

சிர்ப் மென்பொருளில் இதே வேலை ஐந்து வரி அட்டவணை. இலவசம். டூப்ளெக்ஸ் கட்டத்தில் ‘ஸ்ப்ளிட்’ (கேட்பதும் அனுப்புவதும் தனித்தனி அலைவரிசை) தேர்ந்தெடுத்து, ஆஃப்செட் கட்டத்தில் 145.990 போட வேண்டும். ஏழு எழுத்துக்குள் பெயரும் வைக்கலாம். தவறு இருந்தால் கண்ணுக்கு உடனே தெரியும், கோப்பை வைத்துக்கொண்டால் அடுத்த முறை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். தொல்லை தருவது செட்டைக் கணினியோடு இணைக்கும் கேபிள்தான்: உள்ளே போலி சிப் இருந்தால் கணினி அதை ஏற்காது. டிரைவரோடு மல்லுக்கட்டுவதை விட நல்ல சிப் உள்ள கேபிள் வாங்குவதே மேல். இன்னொன்று, செட்டில் இருப்பதை முதலில் இறக்கிச் சேமித்துவிட்டு, அந்தக் கோப்பிலேயே திருத்தி ஏற்றுங்கள். வேறொருவர் செட்டிலிருந்து எடுத்த கோப்பை அப்படியே ஏற்ற வேண்டாம்.

வீட்டில் உட்கார்ந்து செய்வதென்றால் யோசனையே வேண்டாம், சிர்ப்தான். ஆனாலும் புதிதாக உரிமம் வாங்குகிறவர்களிடம் முதல் சேனலைக் கீபேடில் பதியச் சொல்கிறேன். வெள்ளமோ புயலோ வந்து, களத்தில் ஒருவர் புது ரிப்பீட்டர் அலைவரிசையைச் சொல்லும்போது மடிக்கணினி கூட இருக்காது. அப்போது அந்த 27வது மெனு விரல் நுனியில் இருக்க வேண்டும்.