பாலக்காட்டில் ஒரு டைக்கிரி

கொழிஞ்சாம்பாறைக்காரனான நான், பாலக்காடு நகரத்து விடுதி ஒன்றின் பாருக்கு இரண்டு மாதங்களில் மூன்று முறை சென்றிருக்கிறேன். முதல் முறை என்னை உட்கார வைத்தது, விலைப்பட்டியலில் டைக்கிரி என்ற ரம் காக்டெயிலுக்குக் கீழே இருந்த ‘அப்போதைக்கப்போது பிழிந்த சாறு மட்டும்’ என்ற வரிதான்.

அந்த வரியின் வேர் நியூயார்க்கில் இருக்கிறது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கில் தேர்ந்த கலவைக்காரர்கள் தொழிலை விட்டும் நாட்டை விட்டும் சிதறினார்கள். பின்னாளில் பொடியில் கரைத்த புளிப்பு நீரே காக்டெயில் என்றாகிப்போனது. 1987இல் ராக்ஃபெல்லர் மையத்தின் 65ஆம் மாடியில் ரெயின்போ ரூம் உணவகம் மீண்டும் திறக்கப்பட்டபோது, அங்கே பார் பொறுப்பை ஏற்ற டேல் டிகிராஃப், உணவக அதிபர் ஜோ பாமின் தூண்டுதலால் பார்டெண்டர் ஜெரி தாமஸின் 1862ஆம் ஆண்டுக் காக்டெயில் கையேட்டைத் தேடிப் படித்து, ஆயத்தக் கலவைகளை ஒதுக்கிவிட்டுப் பழங்களைப் பிழியத் தொடங்கினார். 1999இன் கடைசி நாளில் அதே நகரில் மில்க் அண்ட் ஹனி என்ற பாரைத் திறந்த சாஷா பெட்ராஸ்கி, துல்லியமான அளவையும் பெரிய ஐஸ் கட்டியையும் அதே அக்கறையோடு வலியுறுத்தினார்.

இங்குள்ள பார்டெண்டர் சித்தூர்ப் பக்கத்து இளைஞர். 60 மில்லி வெள்ளை ரம்மை அளந்து ஊற்றி, எலுமிச்சையை என் கண்முன்னே பிழிந்து, சர்க்கரைப் பாகு சேர்த்து, ஷேக்கரின் வெளிப்புறம் பனி பூக்கும்வரை குலுக்கினார். முதல் மிடறில் புளிப்பு முந்தியது, இனிப்பு அதைத் தணித்தது, ரம் கடைசியில்தான் தெரிந்தது. “குப்பிச் சாறு ஊற்றினால் வேலை சுலபம்தான் அண்ணா, ஆனால் நீங்கள் மறுபடி வரமாட்டீர்கள்” என்றார். ஒரு வாரத்திலேயே மறுபடி போனேன்.

அந்த இரண்டாம் முறை வாங்கிய ஓல்டு ஃபேஷன்ட் என்ற விஸ்கிக் காக்டெயிலில் சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டிப் பாகு சேர்த்திருந்தார். வாசனை அருமை, ஆனால் ஐஸ்தான் காலை வாரியது: நடுவில் துளையுள்ள சிறு கட்டிகள் பாலக்காட்டு வெயிலுக்குப் பத்து நிமிடம்கூடத் தாங்காமல் விஸ்கியை நீர்த்துப்போகச் செய்தன. இரண்டு பெக் ரம்மின் விலையைவிடக் கூடுதலாக வாங்கும் இடத்தில் பெரிய ஐஸ் அச்சுகள் வாங்கி வைக்கக் கூடாதா?

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாக வருகிறவர்கள், கேரளத்தில் மாதத்தின் முதல் தேதி பொதுவாக மதுவற்ற நாள் என்பதை மறக்க வேண்டாம். அந்த இளைஞரின் விடுமுறை நாளையும் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை நான் கேட்காமல் போனேன். அவர் இல்லை, பட்டியலில் அதே வரி இருந்தும் எலுமிச்சைச் சாறு குப்பியிலிருந்துதான் வந்தது. அந்த டைக்கிரியைப் பாதியில் வைத்துவிட்டு ஒரு பீர் வாங்கிக்கொண்டேன்.