சிலிண்டரா, சாண எரிவாயுவா?

காங்கேயம், தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் நாலைந்து மாடு கட்டியிருப்பவர்களுக்குச் சாண எரிவாயுதான் என் முதல் தேர்வு. சாணம் புளித்து நாளுக்கு 2 கனமீட்டர் வாயு தரும் கலனுக்குத் தினமும் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர் வேண்டும். கட்டியில்லாமல் கரைத்து, மாடு தின்று மிச்சமான சோளத்தட்டுத் துணுக்கைப் பொறுக்கி எறிந்துவிட்டு ஊற்ற வேண்டும். வேலைதான், ஆனால் நன்றாக ஓடினால் மாதம் ஒன்றரை சிலிண்டராவது மிச்சம். அதைவிடப் பெரிய லாபம், வாயு போக கலனிலிருந்து வெளியே வரும் கரைசல். சாணத்தின் தழைச்சத்து அதில் பெரும்பாலும் வீணாகாது. தென்னைக்கும் மஞ்சளுக்கும் பாசனத் தண்ணீரோடு விடலாம்.

சிலிண்டரில் இந்தப் பாடு இல்லை. மார்கழிக் குளிரில் கலனில் வாயு குறையும்போது அதுதான் கைகொடுக்கும். மாட்டை விற்றுவிட்டவர்கள், தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பவர்கள் சிலிண்டரோடு இருப்பதே சரி. விறகுப் புகை இரண்டிலும் இல்லை.

அப்புறம், சிலிண்டர் அடுப்பை அப்படியே கலனில் மாட்டாதீர்கள். சாண வாயுவுக்கென்று துளை பெரிதான பர்னர் வேண்டும்.