ஹார்ப்பர்ஸ் ஃபெரி நடைச் சுற்றுலா: வழிகாட்டி சொன்னதும் விட்டதும்

அப்பா வந்திருந்தபோது அவரை அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் ஹார்ப்பர்ஸ் ஃபெரிக்குக் கூட்டிப் போனேன். போடோமாக் ஆறும் ஷெனண்டோவா ஆறும் கூடும் முனையில் இருக்கும் சின்ன ஊர். தனியார் வழிகாட்டி ஒருவரோடு இரண்டு மணி நேர நடை, குழுவில் ஏழு பேர். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1859 அக்டோபர் 16 இரவு, அடிமை முறையை ஆயுதம் ஏந்தி எதிர்த்த ஜான் பிரவுனும் அவர் ஆட்களும் இங்கிருந்த அரசு ஆயுதக் கிடங்கைப் பிடித்தார்கள். அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்துக் கிளர்ச்சியைத் தொடங்குவதே திட்டம். இரண்டே நாளில் முறியடிக்கப்பட்டார்கள். பிரவுன் ஒளிந்து சண்டை போட்ட தீயணைப்பு வண்டிக் கொட்டகை இன்னும் இருக்கிறது. ஆனால் அதை 1893 கண்காட்சிக்காகச் சிகாகோ வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். இப்போது நிற்பது பழைய இடத்தில் அல்ல. வழிகாட்டி முதலில் எங்களை ரயில் பாதை மேட்டில் இருக்கும் நினைவுக் கல்லுக்குத்தான் கூட்டிப்போனார். "உண்மையான இடம் இதுதான்" என்றார். எடுத்த எடுப்பிலேயே அவர்மேல் நம்பிக்கை வந்தது.

அவர் நன்றாகச் செய்தது, பிரவுனோடு கதையைத் தொடங்காமல் 1850க்குப் போனது. வடக்கே தப்பியவர்களைப் பிடித்து எஜமானரிடம் திருப்பி அனுப்புவதற்காக அந்த ஆண்டு வந்த தப்பியோடிய அடிமைச் சட்டத்தைப் பற்றி நிதானமாக, நிழலில் உட்காரவைத்துப் பேசினார். பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. அடைக்கலம் கொடுத்தவருக்கு ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. வழக்கைக் கேட்கும் ஆணையருக்கு, பிடிபட்டவரை விடுவித்தால் 5 டாலர், எஜமானரிடம் அனுப்பினால் 10 டாலர்! நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பா, "ஏம்மா, இது லஞ்சம் இல்லையா?" என்றார். அனுப்பினால் எழுத்து வேலை அதிகம் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணமாம். அதுவரை அடிமை முறை தெற்கின் விவகாரம் என்று ஒதுங்கியிருந்த வடக்கு மக்களின் வீட்டு வாசலுக்கே இந்தச் சட்டம் அதைக் கொண்டுவந்துவிட்டது.

குழுவில் ஒருவர், "வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த உள்நாட்டுப் போர் மாநில உரிமைக்காகத்தானே நடந்தது?" என்று கேட்டார். வழிகாட்டி கோபப்படவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். 1860 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தெற்கு கரோலினா மாநிலம் அதற்குச் சொன்ன காரணங்களின் நகல். வட மாநிலங்கள் சொந்தச் சட்டம் போட்டு, தப்பி வந்த அடிமைகளைத் திருப்பித் தர மறுக்கின்றன என்பதுதான் அதில் பெரிய புகார். அதாவது, வடக்கு தன் மாநில உரிமையைப் பயன்படுத்தியதே அவர்களுக்குப் பொறுக்கவில்லை. கேட்டவர் தாளை வாங்கி முழுதும் படித்தார். இந்த ஒரு காட்சிக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

அப்போது புதிதாகக் குடியேற்றம் நடந்த கன்சாஸ் பகுதியின் கதையை மட்டும் அவசரமாகத் தாண்டினார். 1854 சட்டம், அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறுபவர்களே தீர்மானிக்கட்டும் என்று விட்டது. இரு தரப்பும் துப்பாக்கியோடு போய் இறங்கின. 1856இல் பிரவுனும் அவர் ஆட்களும் ஐந்து பேரை இரவில் வீட்டிலிருந்து இழுத்துப்போய்க் கொன்றார்கள். இதைச் சொல்லாமல் பிரவுனைப் புரிந்துகொள்ள முடியாது.

சரி, அந்த ஒரு மதிப்பெண். ஹாக் ஆலி என்ற சிறு தெருவை அரை நிமிடத்தில் கடந்தோம். பிரவுனின் குழுவில் முதலில் இறந்த டேஞ்சர்ஃபீல்ட் நியூபியின் உடல் கிடந்த இடம் அது. அவர் விடுதலை பெற்றவர். மனைவி ஹாரியட்டும் பிள்ளைகளும் வர்ஜீனியாவில் அடிமைகள். ஹாரியட் எழுதிய கடிதங்கள் பின்னர் கிடைத்தன. "குழந்தை தவழத் தொடங்கிவிட்டது. எஜமானருக்குப் பணமுடையாம், என்னை எப்போது விற்பாரோ தெரியாது. பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்துவிடு" என்று எழுதியிருக்கிறார். நியூபி இறந்த பிறகு ஹாரியட்டை லூசியானாவுக்கு விற்றுவிட்டார்கள். சட்டம், கிளர்ச்சி, போர் எல்லாம் இந்தப் பெண்ணைப் பற்றியதுதானே? இங்கே பத்து நிமிடமாவது நிற்க வேண்டாமா? வழிகாட்டியிடம் கேட்டேன்; நேரமில்லை என்றார்.

நடை முடிந்ததும் நாங்கள் இருவர் மட்டும் அங்கே திரும்பிப் போனோம். கைபேசியில் இருந்த கடிதத்தை அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். நீங்கள் போனால் கடிதங்களை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை மேலே பார்வையாளர் மையத்தில் விட்டுவிட்டுப் பேருந்தில் இறங்குவது நல்லது. கல் படிகள் செங்குத்தானவை. வயதானவர்களுக்குக் கைத்தடி வேண்டும்.