ஈ பிசி 701: ஏழு அங்குலத் திரையோடு இத்தனை வருடம்

ஆசஸ் நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த ஈ பிசி 701 என்ற குட்டி லேப்டாப் இன்றும் என் மேசையில் இருக்கிறது. அதே வரிசையில் பின்னால் வந்த 901, 1000எச் இரண்டையும் பல வருடம் பயன்படுத்தினேன். ஆனாலும் எனக்குப் பிடித்தது முதலில் வந்ததுதான்.

அதற்கு முன்பு குட்டி லேப்டாப் என்றால் பணக்காரச் சாமான். சிறிதாக்குவதற்கே தனிக் காசு கேட்பார்கள். ஈ பிசி அதைத் தலைகீழாக்கியது. 2007 ஜூனில் தைபேயின் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் 199 டாலர் என்றார்கள். அமெரிக்கக் கடைக்கு வந்தபோது 4 ஜிபி சேமிப்பிடம் உள்ள மாடல் 399 டாலர் ஆகிவிட்டது. அப்போதும் அது மலிவுதான்.

எதையெல்லாம் விட்டார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் இல்லை, சிடி டிரைவ் இல்லை, விண்டோஸ் இல்லை. 512 எம்பி ராம். 900 மெகாஹெர்ட்ஸ் செலரான் பிராசஸர், அதையும் 630-இல்தான் ஓடவிட்டார்கள். எடை 920 கிராம். திரையின் இரு பக்கமும் ஸ்பீக்கர். அடுத்து வந்த 900 மாடலில் ஸ்பீக்கரைக் கீழே இறக்கிவிட்டு, அந்த இடத்தில் 8.9 அங்குலத் திரையை வைத்தார்கள்.

கீபோர்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேல் அம்புக்குறி வலது ஷிப்டுக்கு இடப்பக்கம், அதை ஒட்டியே இருக்கும். ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் தட்டும்போது 'ற' வேண்டுமென்றால் அந்த ஷிப்ட் வேண்டும். விரல் கொஞ்சம் முன்னால் விழுந்தாலும் கர்சர் மேல் வரிக்குப் போய்விடும். சுண்டுவிரலை ஒரு கட்டை தள்ளிப் போடப் பழகிக்கொண்டேன். இன்று பெரிய கீபோர்டிலும் அப்படியே போகிறது விரல்.

701-இல் விண்டோஸுக்குப் பதிலாக இருந்த ஸாண்ட்ராஸ் லினக்ஸ் இயங்குதளத்தின் அமைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூல மென்பொருள் எழுத முடியாத ஒரு பகுதியில் இருக்கும். நாம் செய்யும் மாற்றம் எல்லாம் அதன்மேல் இன்னொரு அடுக்காக உட்காரும். எதையாவது குழப்பிவிட்டால் எஃப்9 அழுத்தி பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். அதற்கு விலையும் உண்டு: அப்டேட் போட்டாலும் பழைய பதிப்பு அடியில் அப்படியே கிடக்கும், 4 ஜிபியில் இடம் கரையும். அதனால் ஃபைல்களை ஆரம்பத்திலிருந்தே எஸ்டி கார்டில்தான் வைத்தேன். அப்புறம் அடிமூடியைத் திறந்து ராமை 2 ஜிபி ஆக்கினேன்.

2008-இல் இன்டெலின் ஆட்டம் (Atom) பிராசஸரோடு 901, பிறகு பத்து அங்குல 1000 வரிசை. 1000எச்சில் ஹார்ட் டிஸ்க்கே வந்துவிட்டது, எடை 1.45 கிலோ. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அது இன்னொரு லேப்டாப், அவ்வளவுதான். இதற்குள் மற்ற கம்பெனிகளும் நெட்புக்கில், அதாவது இந்த மாதிரி மலிவான குட்டி லேப்டாப்பில், இறங்கின. மைக்ரோசாஃப்ட் இந்தக் குட்டிகளுக்காகவே விண்டோஸ் எக்ஸ்பி ஹோமின் ஆயுளை நீட்டியது. அடுத்து வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. 2010-இல் ஐபேட் வந்தது. 2013 தொடக்கத்தில் ஈ பிசி நின்றது.

என் 701-இல் இப்போது டெபியன் 12 என்ற லினக்ஸ், வரைகலை எதுவும் இல்லாமல், வெறும் எழுத்துத் திரையோடு. குறிப்பு எழுதுகிறேன், மெயில் படிக்கிறேன். டெபியன் 13-ஐ 32 பிட் கணினியில் புதிதாக நிறுவ வழியில்லை. 12-க்கான நீண்டகால ஆதரவு 2028 வரை இருக்கிறது. அதுவரை இதில்தான் எழுதப்போகிறேன்.