ஏபிஎஃப்சி பேனல் போடுகிறவர்கள் முதலில் கான்டாக்டரைப் பாருங்கள்

கோவை கணபதி பக்கம் சின்ன லேத் பட்டறை நடத்துகிறேன். பவர் ஃபேக்டர் (இழுக்கிற மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படுகிற பங்கு) இறங்கி இபி பில்லில் அபராதம் வந்ததால், போன வருஷம் 50 கேவிஏஆர் (கெப்பாசிட்டர் திறன் அளவு) ஏபிஎஃப்சி பேனல் போட்டேன். கான்டாக்டர் என்கிற மின்சார சுவிட்ச் வழியாகக் கெப்பாசிட்டர்களைத் தானாகச் சேர்த்தும் கழற்றியும் பவர் ஃபேக்டரைச் சரிசெய்கிற பெட்டி அது. செய்து கொடுத்தவர் உள்ளூர்க்காரர், பெயர் வேண்டாம். அபராதம் நின்றது, அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவது வாரத்திலிருந்து மிஷின் டிரைவ்கள் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கருவிகள்) ‘ஓவர் வோல்டேஜ்’ காட்டி நிற்க ஆரம்பித்தன. பாதிக் கடைசலில் நின்றால் அந்தப் பீஸ் ஸ்கிராப்தான்.

போன் செய்தால், “இபி சப்ளை சரியில்லைங்க, சர்வோ ஸ்டெபிலைசர் போட்டுக்கங்க” என்றார். அதையும் அவரிடமே வாங்கினேன், 32,000 ரூபாய். ஒரு மாற்றமும் இல்லை. மில்லி செகண்டில் வந்து போகிற வோல்டேஜ் துள்ளலை, மோட்டார் சுற்றித் திருத்துகிற ஸ்டெபிலைசர் எப்படிப் பிடிக்கும்? இது எனக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் பேனலை மேனுவலில் வைத்து ஒவ்வொரு ஸ்டெப்பாக, அதாவது ஒவ்வொரு கெப்பாசிட்டர் தொகுதியாகப் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டும் சும்மா. மூன்றாவது ‘டக்’ என்றதும் டியூப் லைட் சிமிட்டியது, டிரைவில் சிவப்பு விளக்கு. வோல்ட் மீட்டர் மட்டும் அசையாமல் 415 என்றது.

தெரிந்த எலக்ட்ரீசியன் அண்ணன் பேனலைத் திறந்தார். உள்ளே இருந்தது மோட்டாருக்குப் போடுகிற சாதாரண கான்டாக்டர். பாயின்ட்கள் கருகி, ஒன்று உருகிக் குமிழாக ஒட்டியிருந்தது. கெப்பாசிட்டர் டூட்டி கான்டாக்டர் என்றால் முன்பக்கம் சுருள் கம்பிகள் தெரியும். அந்த ரெசிஸ்டர் ஒரு கணம் முன்னால் சேர்ந்து முதல் பாய்ச்சலை அடக்கும். அது இல்லையென்றால், லைனில் ஏற்கெனவே இருக்கும் கெப்பாசிட்டர்கள், புதிதாகச் சேருகிற கெப்பாசிட்டருக்குள் கொட்டுகிற கரன்ட் ரேட்டிங்கைப் போல 100 மடங்கையும் தாண்டலாம். 415 வோல்ட்டின் உச்சமே 587. அதன் மேல் துள்ளினால், 800 வாக்கில் ட்ரிப் ஆகிற டிரைவ் என்ன செய்யும், பாவம்.

கெப்பாசிட்டர்களைச் சேர்த்துக் கழற்றுகிற கன்ட்ரோலரில் டிலே (திரும்பச் சேர்க்கும் முன் காத்திருக்கிற நேரம்) வேறு 10 செகண்ட். கழன்ற கெப்பாசிட்டர் சார்ஜ் இறங்குவதற்குள் திரும்பச் சேர்ந்துகொண்டிருந்தது.

பேனல் செய்து கொடுத்தவரைக் கேட்டதற்கு, “எல்லாரும் இதைத்தானுங்க போடறாங்க.” கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன்: ‘கான்டாக்டர் – 4’, அவ்வளவுதான். நீங்கள் வாங்கினால் ‘கெப்பாசிட்டர் டூட்டி’ என்று எழுதி வாங்குங்கள்; டெலிவரி அன்றே கதவைத் திறந்து சுருள் கம்பியைப் பாருங்கள்.

கான்டாக்டர்களை மாற்றி, டிலேயை 60 செகண்டாக்கி, டிரைவ்களுக்கு முன்னால் 3% சோக் (திடீர்ப் பாய்ச்சலை மட்டுப்படுத்துகிற காயில்) போட்டேன். அதற்கப்புறம் ஒரு ட்ரிப் இல்லை. ஸ்டெபிலைசர் மேல் இப்போது டீ ஃபிளாஸ்க் இருக்கிறது.