மாத்திரையா, பேச்சுச் சிகிச்சையா: நிறுத்திய பிறகு எது மிஞ்சுகிறது?

முதல் முறை அது வந்தபோது மாரடைப்பு என்றே நினைத்தேன். ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, விரல்கள் மரத்துப்போயின, எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதவில்லை. இன்னும் ஒரு நிமிடம்தான் உயிரோடு இருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவில் இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த மூன்று வாரத்தில் நான்கு முறை அது திரும்பி வந்தது. அதன் பிறகுதான் ஒரு மனநல மருத்துவர் அதற்குப் பெயர் சொன்னார்: பீதி நோய். பேனிக் அட்டாக் என்று பலரும் சொல்வது அதன் தாக்கத்தைத்தான்.

அவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை. இன்னொன்று பேச்சுச் சிகிச்சை, அதிலும் சிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அறிதல் நடத்தைச் சிகிச்சை. இரண்டும் பலன் தரும், விருப்பம் உங்களுடையது என்றார். நான் மாத்திரையை எடுத்துக்கொண்டேன். ஓராண்டுக்கு மேல் சாப்பிட்டேன். நிறுத்திய ஐந்தாவது மாதம் பீதி திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் சிபிடிக்குப் போனேன். இரண்டையும் அனுபவித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் சாய்வையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பீதி, பதற்றம், மிதமான மனச்சோர்வு ஆகிய மூன்றுக்கும், முறையாகப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் கிடைப்பார் என்றால், சிபிடியைத்தான் முதலில் முயல வேண்டும்.

எதைத் தேர்வதானாலும் முதலில் நோய் இன்னதென்று தெரிய வேண்டும். துக்கமும் கவலையும் யாருக்கும் வரும். அவை எப்போது நோயாகின்றன என்பதற்கு மருத்துவர்கள் காலக்கணக்கு ஒன்றை வைத்திருக்கிறார்கள். மனம் சோர்ந்து கிடப்பதோ, பிடித்த காரியத்தில்கூட நாட்டம் போவதோ, தூக்கமும் பசியும் கவனமும் குலைந்த நிலையில் இரண்டு வாரம் அநேகமாகத் தினமும் இருந்தால் மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். கட்டுக்கு அடங்காத கவலை ஆறு மாதம் நீடித்தால் அது பொதுப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். பீதி நோயில் தாக்கம் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் நோயின் அடையாளம். மறுபடியும் வந்துவிடுமோ என்ற பயம் ஒரு மாதத்துக்கும் மேலாக ஆளைப் பிடித்துக்கொள்ளும். பஸ் வேண்டாம், லிஃப்ட் வேண்டாம், கூட்டம் வேண்டாம் என்று வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும்.

மனச்சோர்வுக்குப் பிஹெச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவமும், பதற்றத்துக்கு ஜிஏடி-7 என்ற ஏழு கேள்விப் படிவமும் உலகெங்கும் பயன்படுகின்றன. இரண்டில் எதிலாவது 10 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. படிவத்தை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் "எனக்கு என்னவோ செய்கிறது" என்பதைத் தாண்டிப் பேச வாய் வராதவர்களுக்கு அது பேச்சைத் தொடங்கித் தரும். பிஹெச்கியூ-9இன் கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணத்தையும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. அதற்கு "இல்லை" என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மற்ற மதிப்பெண்களைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே நெருங்கியவர் ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

தைராய்டு பரிசோதனையையும் தவிர்க்காதீர்கள். தைராய்டு மிகுந்தால் பீதியைப் போலவே படபடக்கும், குறைந்தால் மனச்சோர்வைப் போலவே உடலும் மனமும் மந்தமாகும்.

மாத்திரைக்கு வருகிறேன். எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள், நரம்பணுக்களுக்கு இடையே வெளிப்படும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் மறுபடி உள்ளே உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. ஃபுளுவாக்சிடின் அமெரிக்காவில் 1987இல் அனுமதி பெற்றது. செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை பின்னால் வந்தன. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் வரை ஆகும். இந்தக் காத்திருப்பைப் பற்றி எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள், அதனால்தான் தாக்குப்பிடித்தேன். முதல் பத்து நாள் குமட்டலும், இருந்ததைவிட அதிகமான படபடப்பும் இருந்தன. பீதி நோய்க்காரர்களுக்கு இந்தத் தொடக்க நடுக்கம் எதிர்பார்க்கக்கூடியதுதான். அதனால்தான் குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுகிறார்கள். இது தெரியாமல் முதல் வாரத்திலேயே மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, இன்னும் சில வாரம் பொறுத்திருந்தால் பலன் தெரிந்திருக்கக்கூடும்.

எனக்கு ஆறாவது வாரத்தில் தெரிந்தது. பஸ்ஸில் ஏறி, இறங்கி, பாதி தூரம் நடந்த பிறகுதான் பயப்பட மறந்துவிட்டேன் என்பது உறைத்தது. அந்தச் சாலையோரத்தில் நின்று அழுதேன். அந்த நாளுக்காக அந்த மாத்திரைக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. பக்க விளைவுகளில் குமட்டல் போய்விட்டது. பாலுறவு நாட்டம் குறைந்தது கடைசி வரை இருந்தது. பலரும் கூச்சத்தால் இதை மருத்துவரிடம் சொல்வதில்லை. சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு.

இந்த மருந்துகள் மது போல மேலும் மேலும் கேட்கும் போதையை ஏற்படுத்துவதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். நான் அப்படித்தான் நிறுத்தினேன். அந்த ஐந்து மாதம் கழித்து வந்தது மருந்தை விட்டதன் கோளாறாக இல்லை, பழைய நோயே திரும்பியிருந்தது.

அல்பிரசோலம், குளோனசிபம், டயசிபம் போன்றவை வேறு வகை. இவை பென்சோடயசிபைன்கள். விரைவில் அமைதி தரும், அதுவே அவற்றின் ஆபத்து. சில வாரங்களிலேயே உடல் அவற்றுக்குப் பழகிவிடும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவதை இந்த ஒப்பீட்டில் ஒரு தேர்வாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை.

சிபிடி 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் மனச்சோர்வுக்காக உருவாக்கிய முறையிலிருந்து வளர்ந்தது. பீதிக்கான விளக்கத்தை உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் முன்வைத்தார். என் சிகிச்சையாளர் அதை முதல் சந்திப்பிலேயே ஒரு தாளில் வட்டமாக வரைந்து காட்டினார். நெஞ்சு படபடக்கிறது. அதை மாரடைப்பு என்று மனம் மொழிபெயர்க்கிறது. பயம் கூடுகிறது. பயத்தால் இன்னும் படபடக்கிறது. "இந்த வட்டத்தை எங்கே அறுக்கலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். படபடப்பை நிறுத்துவதில்தான் என்றேன். இல்லை, அந்த மொழிபெயர்ப்பில்தான் என்றார்.

நான் எதிர்பார்த்தது ஆறுதலான உரையாடலை. கிடைத்தது பயிற்சி. மூன்றாவது சந்திப்பில் நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடச் சொன்னார். பிறகு சுழல் நாற்காலியில் என்னை உட்கார வைத்துச் சுற்றினார். மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மட்டும் மூச்சுவிடச் சொன்னார். பீதியின்போது உடலில் என்னென்ன நடக்குமோ அவற்றையெல்லாம் அந்த அறையில் வேண்டுமென்றே வரவழைத்தோம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன ஆகும் என்று எழுத வேண்டும். "மயங்கி விழுவேன், 80 சதவீதம்" என்று எழுதினேன். விழவில்லை. பீதியில் ரத்த அழுத்தம் ஏறுகிறது, மயக்கம் வர அது இறங்க வேண்டும் என்று விளக்கினார். அந்த ஒரு விளக்கம் எனக்குப் பல இரவுகளின் தூக்கத்தைத் திருப்பித் தந்தது.

அதன் பிறகு வீட்டுப்பாடம். பஸ்ஸில் ஒரு நிறுத்தம், பிறகு மூன்று, பிறகு நெரிசல் நேரத்தில் கடைசி நிறுத்தம் வரை. எப்போதும் கையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே விட்டுப் போக வேண்டும். கதவோரம் நிற்கக் கூடாது. சட்டைப்பையில் "இருக்கட்டும்" என்று வைத்திருந்த மாத்திரையையும் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அது அங்கே இருக்கும்வரை "அதனால்தான் பிழைத்தேன்" என்று மனம் கணக்கு எழுதிக்கொண்டே இருக்கும். நான்காவது வாரம் விட்டுவிடலாம் என்று தோன்றியது. மாத்திரை கேட்பது நாளுக்கு ஒரு மிடறு தண்ணீர், இது கேட்பது தைரியத்தை, அதுவும் தைரியமே இல்லாத சமயத்தில். மொத்தம் 14 சந்திப்புகள். பொதுவாக 12 முதல் 20 வரை ஆகும் என்கிறார்கள்.

பலன் என்று மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழச் சமம். சிகிச்சை முடிந்த பிறகு எது நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு. டேவிட் பார்லோவும் சக ஆய்வாளர்களும் பீதி நோயாளிகள் 312 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2000இல் வெளியானது. சிபிடி, இமிப்ரமின் என்ற பழைய மாத்திரை, இரண்டும் சேர்ந்தது எனப் பிரித்துக் கொடுத்தார்கள். சிகிச்சை நடந்தபோது எல்லாமே நன்றாக வேலை செய்தன, மாத்திரையால் குணம் கண்டவர்களின் முன்னேற்றம் சற்றுச் சிறப்பாகக்கூட இருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மாத்திரை இல்லாமல் சிபிடி பெற்றவர்களின் முன்னேற்றம்தான் நன்றாக நிலைத்திருந்தது. மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் கிடைத்த கூடுதல் ஆதாயம் கரைந்துபோயிருந்தது. இமிப்ரமின் எஸ்எஸ்ஆர்ஐ அல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

மனச்சோர்விலும் இதே போக்குத்தான். ஸ்டீவன் ஹாலனின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், குணமானவர்களைத் தொடர்ந்து ஓராண்டு கவனித்தார்கள். மாத்திரையை நிறுத்தி வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 76 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. மாத்திரையில் தொடர வைக்கப்பட்டவர்களில் 47 சதவீதம். பெக்கின் வழிவந்த சிகிச்சையை முடித்து நிறுத்தியவர்களில் 31 சதவீதம்.

இந்த எண்களைப் படித்தபோது என் ஐந்தாவது மாதம் எனக்குப் புரிந்தது. மாத்திரை என் அபாயமணியின் சத்தத்தைக் குறைத்திருந்தது. அது பொய்யாக அடிக்கும் மணி என்பதை நான் கற்றுக்கொள்ளவே இல்லை. ஓராண்டு முழுக்கப் பஸ்ஸில் போய் வந்திருந்தும், போனது நானா மாத்திரையா என்று எனக்கே நிச்சயமில்லாமல் இருந்தது. மாத்திரைக்கு நாள்தோறும் பராமரிப்பு உண்டு: சீட்டு, மறுசீட்டு, மறந்த நாளின் தலைசுற்றல், எப்போது நிறுத்தலாம் என்ற முடிவில்லாத பேச்சு. சிபிடிக்கான செலவு, நேரம், வலி எல்லாம் முதல் சில மாதங்களிலேயே விழுந்துவிடுகின்றன.

ஆனால் என் அக்காவிடம் இந்தக் கட்டுரையை நான் நீட்ட முடியாது. அவளுக்கு வந்தது கடுமையான மனச்சோர்வு. பல் துலக்க எழுந்திருக்க முடியாமல் கிடந்தவளிடம் வீட்டுப்பாடம் எழுதச் சொல்வது கொடுமையாக இருந்திருக்கும். மாத்திரைதான் அவளை எழுப்பி உட்கார வைத்தது. ஒரு பக்கம் படிக்கும் அளவுக்குக் கவனம் திரும்பிய பிறகே பேச்சுச் சிகிச்சை சேர்ந்தது. "தேறிவிட்டாயே, இன்னும் எதற்கு மருந்து?" என்று நாங்கள் கேட்டபோது, குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்று மருத்துவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவள் அசையவில்லை. அவள் செய்ததே சரி.

மிகைக் கிளர்ச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறிலும், இல்லாத குரல்கள் கேட்கும் மனச்சிதைவு போன்ற நோய்களிலும் மருந்துதான் சிகிச்சையின் அடித்தளம், அங்கே என் சாய்வுக்கு இடமே இல்லை. இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் மிகைக் கிளர்ச்சியைத் தூண்டிவிடக்கூடும். ஆகவே தூக்கமே தேவைப்படாமல் துள்ளித் திரிந்த நாட்கள் எப்போதாவது இருந்திருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் பயத்தை நேரில் சந்திக்க வைக்கும் சிபிடி வகை ஒன்று உண்டு, அதை நான் அனுபவித்ததில்லை. வளரிளம் பருவத்தினர் விஷயத்திலும் எனக்கு அனுபவம் கிடையாது. அவர்களிடம் மனச்சோர்வு மாத்திரைகள் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் கடுமையான எச்சரிக்கை சேர்த்தது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டித்தது. மருந்தே கூடாது என்பது அதன் பொருளல்ல. முதல் வாரங்களில் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்பதுதான்.

சிபிடியைத் தேர்ந்தால் சிகிச்சையாளரிடம் முதல் நாளே கேளுங்கள்: எத்தனை சந்திப்பு, வாரந்தோறும் வீட்டில் என்ன செய்ய வேண்டும், பயப்படும் இடங்களுக்கு எப்போது போகத் தொடங்குவோம்? நான் முதலில் போன ஓர் ஆலோசகர் இரண்டு மாதம் என் பேச்சைப் பரிவோடு கேட்டார். ஒவ்வொரு முறையும் மனம் லேசாகித் திரும்பினேன், பஸ்ஸில் மட்டும் ஏறவில்லை. பக்கத்தில் தகுந்தவர் இல்லாதவர்களுக்கு, சிகிச்சையாளரின் வழிகாட்டலோடு இணையத்தில் செய்யும் சிபிடி இருக்கிறது. அதற்கும் பலன் உண்டென ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, நான் முயன்று பார்க்கவில்லை.

கடைசிச் சந்திப்பில் ஒரு தாள் எழுதினோம். நோய் திரும்பினால் முதலில் தலைகாட்டக்கூடியவை இடப்பக்கம், அப்போது செய்ய வேண்டியவை வலப்பக்கம். இடப்பக்கத்தின் முதல் வரி: "பஸ்ஸில் காரணமில்லாமல் கதவோரம் நிற்கிறேன்." போன மாதம், நன்றாகத் தூங்காத ஒரு வாரத்தின் முடிவில், கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். கம்பியை விட்டுவிட்டு நடுவில் போய் நின்றேன். படபடத்தது. நான்கு நிறுத்தம் கடந்த பிறகு தணிந்தது. அன்று மாலை தாளை எடுத்து, வலப்பக்கத்தில் எழுதியிருந்தபடி ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ஓடினேன்.